வேரைத் தோண்டிப் பாருங்கள்: பயறும் கௌபியும் கச்சானும் மஞ்சளாகும்போது

விதைத்து இருபத்தைந்து நாள். கௌபி ஒரு சாணுக்கு மேல் எழும்பவில்லை, அடியிலையெல்லாம் வெளிறிக் கிடக்கிறது. மட்டக்களப்பில் கிரான் பக்கம் முதன்முதலாக அரை ஏக்கரில் கௌபி போட்ட வருடம் என் காணி இப்படித்தான் நின்றது. பக்கத்துக் காணி மாமா வரம்பில் நின்று பார்த்துவிட்டு, "யூரியா கொஞ்சம் எறி மனே, பச்சைக்கு வந்திரும்" என்றார். எறிந்தேன். பச்சைக்கு வந்தது. கொடி ஓடியது, இலை கையகலத்துக்கு விரிந்தது, காய் மட்டும் விரல்விட்டு எண்ணுகிற அளவில்தான். மாமா தவறாக ஒன்றும் சொல்லவில்லை, அவர் வாழ்நாள் முழுவதும் நெல் செய்தவர், நெல்லுக்கு அது சரி. கௌபியின் வேரில் வேறொரு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது என்பது அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

அவரைக் குடும்பப் பயிர்களின் வேரில் கடுகு அளவிலும் மிளகு அளவிலும் சின்னச் சின்ன உருண்டைகள் இருக்கும். வேர்ச்சிறுகணு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதற்குள் றைசோபியம் இனத்துப் பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. காற்றில் 78 சதவீதம் நைதரசன்தான், ஆனால் எந்தச் செடியாலும் அதை நேராக எடுக்க முடியாது. பற்றீரியா அதை அமோனியாவாக மாற்றிச் செடிக்குக் கொடுக்கிறது, செடி தன் இலையில் செய்த வெல்லத்தைப் பற்றீரியாவுக்குக் கொடுக்கிறது. இதே வேலையை யூரியாத் தொழிற்சாலையில் செய்ய 400 பாகைக்கு மேல் சூடும் பெரும் அமுக்கமும் வேண்டும். சிறுகணு அதை நம் வயல் மண்ணின் சூட்டிலேயே செய்துவிடுகிறது. 1888இல் ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்பார்த் என்ற இருவர் இதை விளக்கி எழுதினார்கள்; அதே வருடம் ஒல்லாந்துக்காரரான பெயரிங்க் அந்தப் பற்றீரியாவைத் தனியே பிரித்து வளர்த்தார்.

ஆக, இந்தப் பயிர்கள் மஞ்சளானால் கடைக்குப் போவதற்கு முன் வேரைப் பார்க்க வேண்டும். கீழே உள்ளதெல்லாம் அதற்கான வழிதான்.

முதலில், வேரை எடுக்கும் விதம்

செடியைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் சிறுகணு எல்லாம் மண்ணோடு போய்விடும், வெறும் வேர்தான் கைக்கு வரும், "ஒன்றுமே இல்லை" என்று முடிவு கட்டிவிடுவோம். நானும் ஒரு போகம் முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டியைப் போட்டு, ஒரு சாண் ஆழத்துக்கு மண்கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் வைத்து மெல்ல ஆட்டுங்கள். மண் கரைந்து கீழே போகும். மஞ்சளாக நிற்கும் இடத்தில் ஐந்து செடி, நன்றாக நிற்கும் இடத்தில் இரண்டு செடி எடுங்கள். நல்ல செடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும். முளைத்து மூன்று வாரத்துக்குப் பிறகு பூக்கும் வரையான காலம் இதற்குச் சரியான காலம்.

சரி, இப்போது ஒரு சிறுகணுவை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் இரண்டாகக் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, மீன் வெட்டும்போது கையில் படுகிற இரத்தத் தண்ணீர் நிறத்தில் இருந்தால் அது வேலை செய்கிறது. நகத்தில் அந்தச் சாயம் கொஞ்சம் ஒட்டும். அது இரத்தத்துக்குச் சொந்தக்காரப் பொருள்தான். நம் இரத்தத்தில் ஈமோகுளோபின் இருப்பதுபோல் சிறுகணுவில் லெகீமோகுளோபின் இருக்கிறது, அதிலும் இரும்பு இருக்கிறது. நைதரசனைப் பிடிக்கும் நொதியத்துக்கு ஒட்சிசன் பட்டால் கெட்டுவிடும். பற்றீரியாவுக்கோ மூச்சுவிட ஒட்சிசன் வேண்டும். இந்தச் சிவப்புப் பொருள் ஒட்சிசனைப் பிடித்து வைத்து, அளந்து அளந்து கொடுக்கிறது. முதல் தடவை என் நகத்தில் அந்தச் சிவப்பைப் பார்த்தபோது, ஒரு பயிரின் வேரில் இப்படியொன்று இருக்கிறதா என்று வரம்பில் குந்தியபடியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன்.

மஞ்சள் எந்த இலையில் வந்தது?

இதைப் பார்க்காமல் மேலே போகாதீர்கள். அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் முழுதாக, சீராக வெளிறினால் நைதரசன் குறைவு. அதற்கான காரணம் வேரில் இருக்கும். மேலே உள்ள இளங்குருத்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் பெரும்பாலும் இரும்புக் குறைவு. சிப்பி கலந்த கடற்கரை மணலில் இதைக் காணலாம். பயறிலும் உளுந்திலும் பளிச்சென்ற மஞ்சள் திட்டுத்திட்டாக விழுந்தால் அது மஞ்சள் தேமல், வெள்ளை ஈ கொண்டுவரும் வைரசு. அதற்கும் வேருக்கும் சம்பந்தமில்லை. அந்தச் செடிகளைப் பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு ஈயைக் கவனியுங்கள்.

அடியிலை வெளிறியிருக்கிறது, வேரில் சிறுகணுவே இல்லை

முளைத்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தால் பொறுங்கள். விதையில் இருந்த சத்து தீர்ந்து, சிறுகணு வேலை தொடங்கும் வரை ஒரு சின்னப் பசிக்காலம் வரும். எல்லாச் செடியும் கொஞ்சம் வெளிறித்தான் நிற்கும். அடிக்கட்டில், அதாவது விதைக்கும்போதே, சிறிதளவு யூரியா போடச் சொல்வது இந்த நாட்களைத் தாண்டத்தான், அது கெடுதல் இல்லை.

மூன்று, நான்கு வாரம் தாண்டியும் ஒன்றுமில்லை என்றால், முதலில் உங்கள் கையைக் கேளுங்கள்: எவ்வளவு யூரியா போட்டீர்கள்? மண்ணில் நைதரசன் தாராளமாக இருந்தால் செடி பற்றீரியாவைக் கூப்பிடாது. கூப்பிடுவது என்று சும்மா சொல்லவில்லை. வேர் ஒருவகைப் பொருளைக் கசியவிட்டுச் சைகை கொடுக்கும், பற்றீரியா பதில் சைகை கொடுக்கும், பிறகுதான் வேர்மயிர் சுருண்டு உள்ளே வழிவிடும். ஒருவரையொருவர் அடையாளம் கண்ட பிறகே கதவு திறக்கிறது. வயிறு நிறைந்த செடிக்கு அந்தத் தேவை வருவதில்லை. மரக்கறித் தோட்டத்தில் போன போகம் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நிறையப் பசளை போட்ட இடத்தில் பயறு போட்டாலும் இதே கதைதான்.

அடுத்தது, அந்த மண்ணில் இதற்கு முன் என்ன விளைந்தது? பயறு, உளுந்து, கௌபி, கச்சான் நான்கும் ஏறக்குறைய ஒரே கூட்டத்துப் பற்றீரியாவோடு சேரும். அந்தக் கூட்டம் நம் பக்கத்து மண்ணில் இயல்பாகவே உண்டு. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பரம்பரையாகப் பயறு விதைக்கும் காணிகளில் யாரும் எதையும் கலந்து விதைப்பதில்லை, சிறுகணு தானாக வரும். சோயா அப்படியில்லை. அது சீனத்துப் பயிர், அதற்குரிய பற்றீரியாவும் வேறு. கௌபி கொட்டிக் கொடுத்த மண்ணிலேயே சோயா வேர் வெறுமையாக நிற்கலாம். புதிதாகச் சோயா போடுபவர்கள் பற்றீரியாப் பொதி வாங்கி விதையில் கலக்கத்தான் வேண்டும்.

பூஞ்சண மருந்து பூசிய விதையா என்றும் பாருங்கள். திரம், கப்டான் போன்றவை பூசிய விதையில் பற்றீரியாவைத் தடவினால் அது அங்கேயே செத்துவிடக்கூடும். வாவியோரக் காணியாக இருந்தால் உப்பு. முகத்துவாரம் வெட்டிக் கடல்நீர் ஏறுகிற இடங்களில் செடி தாங்கிக்கொள்ளும் உப்பைக்கூடச் சிறுகணு தாங்காது. செடி உயிரோடு இருக்கும், வேரில் ஒன்றும் இருக்காது.

இந்த நிலையில் என்ன செய்வது? பூக்கும் பருவம் வந்தும் வேர் வெறுமையாக இருந்தால் யூரியா கொஞ்சம் கொடுத்துப் பயிரைக் காப்பாற்றுங்கள். அந்தப் போகத்துக்கு வேறு வழியில்லை.

சிறுகணு இருக்கிறது, உள்ளே சிவப்பு இல்லை

இதுதான் அதிகம் பேர் தவறவிடும் இடம். எண்ணிக்கையைப் பார்த்துத் திருப்திப்பட்டு விடுகிறார்கள். கீறிப் பார்க்க வேண்டும்.

உள்ளே வெள்ளையாக, சிறுகணுவும் மிகச் சிறிதாக, வேர் முழுக்க மணல் தூவியதுபோல் நிறைய இருந்தால், குடியேறிய பற்றீரியா சோம்பேறி. மண்ணில் எல்லா ரகமும் இருக்கும், எல்லாம் நன்றாக உழைப்பதில்லை. செடியும் சும்மா இருப்பதில்லை. 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சோயாவின் சில சிறுகணுக்களைச் சுற்றி நைதரசனே இல்லாத காற்றைச் செலுத்தினார்கள். அவற்றால் வேலை செய்ய முடியவில்லை. செடி அந்தச் சிறுகணுக்களுக்குப் போகும் ஒட்சிசனைக் குறைத்தது, உள்ளே பற்றீரியாவின் பெருக்கம் ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. வேலை செய்யாதவனுக்குக் கூலியைக் குறைக்கிற காணிக்காரப் போடியார் மாதிரி. ஆனால் எல்லாருமே சோம்பேறியாக வந்து சேர்ந்தால் செடி என்ன செய்யும்? அடுத்த போகம் நல்ல பொதி வாங்கிக் கலப்பதுதான் மருந்து.

ரகம் நன்றாக இருந்தும் வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ இருந்தால் மண்ணைச் சந்தேகியுங்கள். நைதரசனைப் பிடிக்கும் நொதியத்துக்கு மொலிப்டினம் என்ற உலோகம் மிகச் சிறிதளவு வேண்டும். அமிலத்தன்மை கூடிய மண்ணில் அது வேருக்குக் கிடைக்காது. விதைப்புக்கு இரண்டு வாரம் முன்னதாக டொலமைற் சுண்ணாம்பு போட்டால் பல இடங்களில் இது தீரும். எவ்வளவு என்பதை மண்ணைச் சோதித்துத் தீர்மானியுங்கள், கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டால் எப்படி மாதிரி எடுப்பது என்று காட்டுவார்.

சிறுகணு குறைவு, சிறிது, செடியும் குள்ளம், இலையோ மஞ்சளாகாமல் மங்கிய கரும்பச்சை. இது பொசுபரசுக் குறைவு. நைதரசன் பிடிப்பது சக்தியை விழுங்கும் வேலை. ஒரே ஒரு நைதரசன் மூலக்கூறைப் பிரிக்க, கலத்தின் சக்தி நாணயமான ஏ.டி.பி. 16 போகிறது, அந்த ஏ.டி.பி.க்குள் இருப்பதே பொசுபரசுதான். பொசுபரசுப் பசளையான டி.எஸ்.பி.யை அடிக்கட்டாக, விதைக்கும்போதே மண்ணுக்குள் போட வேண்டும். பிறகு மேலே தூவி அதிகப் பயனில்லை.

உள்ளே பச்சை அல்லது மண்ணிறம், அமுக்கினால் கூழாகிறது என்றால், பயிரின் வயதைப் பாருங்கள். காய் முற்றும் காலமென்றால் அது இயற்கை, செடி தன் வெல்லத்தைக் காய்க்குத் திருப்பிவிட்டது. கவலை வேண்டாம். பூக்கும் முன்பே அப்படி என்றால் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம்.

தண்ணீர் நின்ற காணி

மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு இதைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். மாரி மழையில் மூன்று நாள் தண்ணீர் நின்றாலே மண்ணிலுள்ள காற்று வெளியேறிவிடும். அளந்து அளந்து ஒட்சிசன் கொடுத்த அந்த ஏற்பாடு குலைந்து, சிறுகணு மூச்சுத் திணறிப் பழுப்பாகும். 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு வயல் எத்தனை நாள் குளமாக நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த அளவுக்குப் போனால் எதுவும் மிஞ்சாது. சாதாரண வருடத்து மழைக்கு, பாத்தியை ஒரு சாண் உயர்த்தி இடையில் கான் வெட்டினால் போதும். தண்ணீர் வடிந்தவுடன் வெளிறிய செடிக்கு யூரியா எறிய அவசரப்படாதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் விட்டு வேரைத் திரும்பத் தோண்டுங்கள். புதுவேரில் வெள்ளைக் குருணை போலச் சிறுகணுக்கள் மீண்டும் பிடித்திருந்தால் செடி தானாக எழும்பும்.

இதற்கு நேர்மாறு வைகாசி, ஆனி. மேல்காற்று அடிக்கிற காலம். கச்சான் பயிருக்கும் அந்தக் காற்றுக்கும் நாங்கள் ஒரே பெயர் வைத்திருக்கிறோம். கச்சான் காற்றில் வெறும் மணல் மத்தியானத்தில் காலை வைக்க முடியாமல் கொதிக்கும், மேல்மண் பற்றீரியா காய்ந்து சாகும். நெல் அடித்த வைக்கோலைப் பாத்தியில் பரப்பினால் மண் தப்பும்.

உருண்டை இருக்கிறது, ஆனால் கழற்ற முடியவில்லை

விரலால் தள்ளிப் பாருங்கள். சிறுகணு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், தொட்டால் கழன்றுவிடும். வேரே வீங்கி, மணிமாலை கோத்ததுபோல் முண்டும் முடிச்சுமாக இருந்து, பிய்த்தால் வேரும் சேர்ந்து பிய்ந்தால் அது பற்றீரியாவின் வேலை இல்லை. கண்ணுக்குத் தெரியாத நூற்புழு வேருக்குள் போயிருக்கிறது. உள்ளே சிவப்பும் இருக்காது. தக்காளி, கத்தரி, வெண்டி தொடர்ந்து போட்ட தோட்டத்தில் இது வரும். இதைச் சிறுகணு என்று நினைத்து மகிழ்ந்தவர்களை எனக்குத் தெரியும். பயிரை மாற்றுங்கள், வயலானால் நெல் ஒரு போகம், அதோடு மாட்டெரு. செவ்வந்தி வகையில் டகெற்றிஸ் பூச்செடியை இடையில் நட்டாலும் புழு குறையும்.

கச்சானில் மட்டும் கவனிக்க வேண்டிய ஒன்று: அதன் சிறுகணு வேர்மயிர் வழியாக வராது, பக்கவேர் வெடித்துக் கிளம்பும் இடத்துப் பிளவு வழியாக வரும். அதனால் பக்கவேர் கிளைக்கும் மூலைகளில்தான் தேட வேண்டும். கச்சான் கோது பெருத்து உள்ளே பொக்காக இருப்பதற்கும் சிறுகணுவுக்கும் சம்பந்தமில்லை, அது கல்சியக் குறைவு. பூக்கும் நேரம் ஜிப்சம் போடுவது அதற்குத்தான்.

பொதி வாங்கிக் கலந்தும் பலனில்லை

2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து யூரியா கிடைக்காமல் போனபோது, நானும் பற்றீரியாப் பொதி தேடி அலைந்தேன். ஒரு கடையில் கிடைத்தது. கண்ணாடி அலுமாரியில், பின்னேர வெயில் நேராக விழும் தட்டில் எத்தனை மாதம் இருந்ததோ. கறுப்புத் தூள், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. விதைத்தேன், வேரில் ஒன்றுமில்லை. அந்தத் தூளுக்குள் இருப்பவை உயிர்கள் என்பதை அன்றைக்குத்தான் மனதில் வைத்துக்கொண்டேன். திகதி பார்த்து வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுவரும்போதும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் விட்டுவிடாதீர்கள். மண்பானைக்குப் பக்கத்தில், நிழலில், குளிர்மையாக வையுங்கள்.

கலப்பதற்கு ஆறிய சோற்றுக் கஞ்சி போதும், கொஞ்சம் சர்க்கரை கரைத்தால் நன்றாக ஒட்டும். கஞ்சி நன்றாக ஆற வேண்டும், சூட்டோடு ஊற்றினால் எல்லாம் வீண். விதை பிசுபிசுவென்று நனையும் அளவுக்கு மட்டும் கஞ்சி விட்டுப் பொதியைத் தூவி, ஒவ்வொரு விதையிலும் கறுப்பு மெல்லப் படியும் வரை கையால் புரட்டுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம், பயறின் தோல் உரிந்துவிடும். பன்பாயில் நிழலில் அரைமணி நேரம் பரப்பி, பின்னேரத்தில், ஈரமண்ணில் விதைத்து உடனே மூடுங்கள். யூரியாவோடு ஒரே குழியில் போடாதீர்கள். பொதி கிடைக்காத ஊரில், அதே பயிர் நன்றாக விளைந்த காணியிலிருந்து நாலைந்து வாளி மேல்மண் கொண்டுவந்து விதைக்கும் சாலில் தூவலாம். அந்தக் காணியில் நூற்புழுவும் வாடல் நோயும் இல்லை என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அசோலா சிவக்கிறது

மாட்டுக்கும் தாராவுக்கும் படங்கு விரித்த தொட்டியில் அசோலா வளர்ப்பவர்கள் இப்போது நம் பக்கம் கூடியிருக்கிறார்கள். அது நீரில் மிதக்கும் பன்னம். இலையின் சின்னப் பொந்துக்குள் ஒரு சயனோபற்றீரியா குடியிருந்து நைதரசன் பிடிக்கிறது. நீலப்பச்சை அல்கா என்று படித்தோமே, அந்தக் கூட்டம். பயறு ஒவ்வொரு போகமும் பற்றீரியாவை மண்ணிலிருந்து புதிதாகத் தேட வேண்டும், விதையில் அது வராது. அசோலா தன் வித்தியோடு சேர்த்தே தலைமுறை தலைமுறையாகக் கொண்டுபோகிறது. அந்தப் பற்றீரியாவும் வெளியே தனித்து வாழும் சக்தியை இழந்துவிட்டது. கடலில் ஒரு நுண்ணல்கா இதற்கும் ஒருபடி மேலே போயிருக்கிறது. அதற்குள் இருந்த நைதரசன் பற்றீரியா இப்போது கலத்தின் ஓர் உறுப்பாகவே மாறிவிட்டது என்று 2024இல் கண்டறிந்தார்கள்.

சரி, தொட்டிக்கு வருவோம். சிவந்து, வேர் நீண்டு தொங்கினால் பொசுபரசு போதவில்லை. நைதரசனை அதுவே தேடிக்கொள்ளும், பொசுபரசை நாம்தான் கொடுக்க வேண்டும். பழைய மாட்டுச்சாணிக் கரைசலோ சிறிது டி.எஸ்.பி.யோ கரைத்து விடுங்கள். யூரியா வேண்டாம். மத்தியான வெயில் நேராக விழுந்தாலும் சிவக்கும், கிடுகு வேய்ந்து பாதி நிழல் கொடுங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடர்ந்து அடியில் அழுகினால் அள்ளிக் குறையுங்கள். கிணற்றுநீர் உவர்ப்பென்றால் அசோலா நிலைக்காது.

தொட்டித் தண்ணீர் பச்சைச் சாயமானால் துருசு போடச் சொல்வார்கள். போடாதீர்கள், துருசிலுள்ள செம்பு அசோலாவுக்குள் இருக்கும் பற்றீரியாவையும் கொல்லும். அசோலா மேற்பரப்பை மூடாததால் வெளிச்சம் உள்ளே போய் அல்கா பெருகியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் அசோலா விட்டு மூடினால் அடங்கிவிடும்.

சவுக்கு நாற்று வளரவில்லை

கடற்கரையில் வைக்க வளர்க்கும் சவுக்கு நாற்றுகள் பையிலேயே மஞ்சளாகிக் குட்டையாக நிற்கும். சவுக்கு அவரைக் குடும்பம் இல்லை, அதன் வேரில் பிராங்கியா என்ற வேறொரு பற்றீரியா சேர்ந்து பவளக்கொத்துப் போல முடிச்சு உண்டாக்கும். சுத்தமான ஆற்றுமணல் நிரப்பிய பையில் அது எங்கிருந்து வரும்? நோயில்லாத முதிர்ந்த சவுக்கு மரத்தடியில் மேல்வேரோரமாகக் கிளறி, அந்தப் பவளக்கொத்து இருக்கும் இடத்து மண்ணில் பைக்கு ஒரு கைப்பிடி கலந்துவிடுங்கள். கொத்தையே நசுக்கித் தண்ணீரில் கரைத்து ஊற்றினாலும் சரி. சில வாரம் கழித்து ஒரு பையைக் கிழித்து வேரைப் பாருங்கள். மண்ணிறத்தில் இஞ்சிக் குருத்துப்போல முளைவிட்டிருந்தால் மற்ற நாற்றுகளைக் கடற்கரைக்கு ஏற்றலாம்.